கிரில்லை மூட வேண்டாம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றவும் வேண்டாம்

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

உட்லண்ட்ஸிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மற்ற வாசகர்களுக்கும் விவரம் புரியும். உங்களுடையது 11 ஆண்டுகள் ஓடி, சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பிக்கப்பட்ட 1.6 லிட்டர் ஜப்பானிய செடான். பிகேஇ, கேஜேஇ, பிஐஇ விரைவுச்சாலைகள் வழியாக ஜூரோங்கிற்கு வேலைக்குப் போய்வருகிறீர்கள். மாதத்திற்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 13.5 கிலோமீட்டர் கொடுத்துவந்த கார், சில மாதங்களாக 11-க்கு மேல் ஏற மறுக்கிறது. முன்பக்கக் கிரில்லில் பாதியை அட்டையால் மூடினால் காற்றுத் தடை குறைந்து பெட்ரோல் மிச்சமாகும் என்று ஒரு காணொளியில் பார்த்திருக்கிறீர்கள். பட்டறை வைத்திருக்கும் நண்பரோ, நம் ஊர் வெயிலுக்கு, எஞ்சினின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டே தேவையில்லை, கழற்றிப் போட்டுவிடலாம் என்கிறார். குளிர்ந்த காற்றை எஞ்சினுக்குள் இழுத்துத் தரும் குழாய்த் தொகுப்பு ஒன்றை வாங்கிப் பொருத்தலாமா என்பது உங்களுடைய மூன்றாவது கேள்வி.

இந்த மூன்றில் எதையும் செய்ய வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ஆனால், கடிதத்தின் இறுதியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி, மூன்று கேள்விகளையும்விட முக்கியமானது. காலையில் விரைவுச்சாலையில் போகும்போது வெப்பமானியின் முள் வழக்கமான நடு இடத்திலிருந்து கீழே இறங்குகிறது என்றும், வார இறுதியில் ஜோகூர் பாருவுக்குப் போகக் கடற்பாலத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஏர்கான் குளிர்வதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெட்ரோல் எங்கே போகிறது என்பதற்கான விடை பெரும்பாலும் அந்த வரியிலேயே இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் கிரில்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

காணொளி எடுத்தவர் பொய் சொல்லவில்லை. கார் ஓடும்போது முன்பக்கத் திறப்புகளின் வழியே நுழையும் காற்று, ஏர்கானின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரையும், அதன் பின்னால் இருந்து எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரையும் கடந்து, எஞ்சின் அறைக்குள் சுழன்று, கீழ்ப்பக்கமாக வெளியேறுகிறது. இந்தப் பயணத்தில் காற்று இழக்கும் வேகம் முழுவதும் காரைப் பின்னுக்குத் தள்ளும் விசையாக மாறுகிறது. சாதாரணக் கார்களில் மொத்தக் காற்றுத் தடையில் இதன் பங்கு பொதுவாகப் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது என்றாலும், அது உண்மையான இழப்புதான். அதனால்தான் இப்போது வரும் பல கார்களில், எஞ்சினுக்குக் குளிர்விப்பு அதிகம் தேவைப்படாத நேரத்தில் தாமாகவே மூடிக்கொள்ளும் தகடுகளைக் கிரில்லுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அந்தத் தகடுகளை எஞ்சின் கணினி இயக்குகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் வெப்பமோ ஏர்கானின் அழுத்தமோ ஏறத் தொடங்கியதும் அவை திறந்துவிடும். அட்டைக்கு அந்த அறிவு கிடையாது. மேலும், பனி கொட்டும் நாடுகளில் காலையில் எஞ்சின் சூடேறவே நெடுநேரம் ஆகும் என்பதால், அங்கே கிரில்லை மூடுவதில் இரட்டைப் பயன் உண்டு. பகலில் 31 முதல் 33 டிகிரி வரை அடிக்கும் சிங்கப்பூரில், ஏர்கான் இல்லாமல் யாரும் கார் ஓட்டாத சிங்கப்பூரில், அந்த இரண்டாவது பயனுக்கு வேலையே இல்லை.

முதல் பயனாவது மிஞ்சுகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களுடையதைப் போன்ற ஒரு செடான், நம் விரைவுச்சாலைகளில் அனுமதிக்கப்படும் உச்ச வேகமான மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும்போது, காற்றை விலக்க மட்டும் சுமார் 6 கிலோவாட் திறனைச் செலவிடுகிறது. வேகம் இரு மடங்கானால் இந்தத் திறன் எட்டு மடங்காகும் என்பதால், வேகம் குறையும்போது அது மிக விரைவாகச் சரிந்துவிடும். 50 கிலோமீட்டரில் அதே கார் காற்றுக்காகச் செலவிடுவது 1 கிலோவாட்தான். ஆகவே நகர்ச்சாலைகளில் கிரில் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் உங்கள் பணப்பைக்கு எதுவும் தெரியப்போவதில்லை. 90-இல் பாதிக் கிரில்லை மூடினால், மிகத் தாராளமாகக் கணக்கிட்டாலும் 0.3 கிலோவாட் மிச்சமாகலாம். காற்று குறைந்ததால் ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கினால் என்ன ஆகும்? இவ்வகைக் கார்களில் ஃபேன் நல்ல வேகத்தில் ஓடும்போது 200 முதல் 250 வாட் மின்சாரத்தை இழுக்கும். மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர், தான் வாங்கும் சக்தியில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத்தான் மின்சாரமாகத் தருகிறது; எனவே அந்த ஃபேனுக்காக எஞ்சின் கொடுக்க வேண்டியது 0.4 கிலோவாட் அளவுக்கு வந்துவிடுகிறது. அட்டையால் மிச்சப்பட்டதை ஃபேன் ஒன்றே விழுங்கிவிடும். ஏர்கானின் கூடுதல் செலவை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அந்தச் செலவுதான் நம் ஊரில் பெரிது. கண்டென்சரின் வேலை, கார் உட்புறத்திலிருந்து எடுத்த வெப்பத்தை வெளிக்காற்றில் விடுவது. அதன் மேல் போதிய காற்று படாவிட்டால், அது முன்பைவிட அதிகச் சூடானால்தான் அதே அளவு வெப்பத்தை வெளியேற்ற முடியும். உங்கள் காரின் வயதை வைத்துப் பார்த்தால் அதில் இருப்பது ஆர்134ஏ வாயு. அந்த வாயு 50 டிகிரியில் திரவமாக மாறும்போது அதன் அழுத்தம், அழுத்தமானியில் காட்டும்படி, சுமார் 12 பார். அதுவே 60 டிகிரி ஆகிவிட்டால் ஏறக்குறைய 16 பார். பத்தே டிகிரி வித்தியாசத்தில் வாயுவை அழுத்தும் கம்ப்ரஸர் இந்தக் கூடுதல் அழுத்தத்தை எதிர்த்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது, அந்த வேலை முழுவதும் எஞ்சினின் பெல்ட் வழியாக உங்கள் பெட்ரோல் தொட்டியிலிருந்துதான் வருகிறது. கடும் வெப்பத்தில், குறிப்பாகக் குறுகிய பயணங்களில், ஏர்கான் ஒரு காரின் எரிபொருள் சிக்கனத்தைக் கால் பங்குக்கு மேல்கூடக் குறைக்கலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. காற்றுத் தடையில் தேடிக் கிடைக்கும் ஓரிரண்டு விழுக்காட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி தெர்மோஸ்டாட். உங்கள் நண்பரின் கருத்து பல பட்டறைகளில் நெடுங்காலமாக நிலவிவருவதுதான். எஞ்சின் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. அது தவறு. எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் எஞ்சின் செய்யும் வேலையாகிறது. மற்றது புகையோடும் கூலண்டோடும் வெப்பமாகப் போய்விடுகிறது. கூலண்டை மேலும் குளிர வைப்பதென்றால், சிலிண்டர் சுவர் வழியாக இன்னும் கொஞ்சம் வெப்பத்தை வெளியே இழுத்து எறிவதென்றே பொருள். எஞ்சினை வடிவமைப்பவர்கள் போகும் திசை இதற்கு நேர் எதிரானது. கணினி கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் உள்ள சில எஞ்சின்களில், சுமை குறைவாக இருக்கும்போது கூலண்டை வேண்டுமென்றே 100 டிகிரிக்கு மேல் ஏறவிட்டு, ஓட்டுநர் வேகமாக முடுக்கும்போது மட்டும் அதைக் கீழே கொண்டுவருகிறார்கள்.

உங்கள் காரில் இருப்பது எளிமையான மெழுகு வகை. கூலண்ட் சுமார் 82 டிகிரியை எட்டியதும் உள்ளேயிருக்கும் மெழுகு உருகி விரிந்து, ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கத் தொடங்கும். 95 டிகிரி அளவில் முழுவதும் திறந்துவிடும். அதைக் கழற்றிவிட்டால் எஞ்சின் தொடங்கிய நொடியிலிருந்தே கூலண்ட் முழுவதும் ரேடியேட்டர் வழியாக ஓடும். விரைவுச்சாலையில் எதிர்க்காற்று அடிக்க, எஞ்சின் 65, 70 டிகிரியிலேயே நின்றுவிடும். அந்த வெப்பநிலையில், எஞ்சின் இன்னும் சூடேறிக்கொண்டிருக்கிறது என்று கணினி எண்ணிக்கொள்ளும். அதற்கேற்பப் பெட்ரோலைச் சற்றுக் கூட்டியே தெளிக்கும். பெட்ரோலில் ஒரு பகுதி சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிந்து எண்ணெயோடு கலக்கும். எஞ்சினின் சுழற்சியைத் திரவத்தின் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், வழுக்கலின்றிப் பூட்டிக்கொள்வதைச் சில கார்கள் தள்ளிப்போடும். எண்ணெயும் கெட்டியாகவே இருக்கும். பலரும் போடும் 0டபிள்யூ-20 எண்ணெயின் பிசுபிசுப்பு 40 டிகிரியில் 45 சென்டிஸ்டோக்ஸ் அளவில் இருந்து 100 டிகிரியில் 8 அளவுக்கு இறங்குகிறது. எஞ்சின் உரிய சூட்டை எட்டாவிட்டால், ஒவ்வொரு பிஸ்டனும் ஒவ்வொரு பேரிங்கும் நாள் முழுவதும் கெட்டியான எண்ணெயை உழுதுகொண்டே இருக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல ஜப்பானிய எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கத் தட்டு, சூடேறிய பிறகு ரேடியேட்டருக்குப் போகாத குறுக்கு வழியை அடைக்கும் வேலையையும் செய்கிறது. தெர்மோஸ்டாட் இல்லையென்றால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும்; கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். விளைவு, வேகமாகப் போகும்போது தேவைக்கு மேல் குளிர்கிற அதே கார், நெரிசலில் கொதித்துவிடக்கூடும். சூட்டுக்குப் பயந்து கழற்றியதே சூட்டைக் கொண்டுவரும்.

இப்போது உங்கள் முள்ளுக்கு வருவோம். இக்காலக் கார்களின் வெப்பமானி ஓட்டுநரைக் கலவரப்படுத்தக் கூடாது என்பதற்காகவே, 75 டிகிரி முதல் 105 டிகிரி வரையிலும் ஏறக்குறைய நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைக்கப்படுகிறது. அப்படிப்பட்ட முள் விரைவுச்சாலையில் கீழே இறங்குகிறது என்றால், உண்மையான வெப்பநிலை கணிசமாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். உங்கள் தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருக்க வேண்டும். 11 ஆண்டுகள் ஓடிய காரில் இது சாதாரணமாக வரக்கூடியதுதான். அதாவது, கழற்றினால் என்னென்ன கேடு வருமோ, அவை அனைத்தும் உங்கள் காருக்கு ஏற்கெனவே வந்துவிட்டன. நண்பர் தம் கையால் செய்ய நினைத்ததைக் காலம் செய்து முடித்திருக்கிறது.

இதை உறுதிசெய்வது எளிது. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும், காரின் கணினியைப் படிக்க உதவும் ஓபிடி இணைப்பில் ஒரு சிறு கருவியைச் செருகினால், கூலண்டின் வெப்பநிலையைக் கைப்பேசியிலேயே எண்ணாகப் பார்க்கலாம். எண்ணைப் பார்ப்பதை உடன் வருபவரிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் சாலையைப் பாருங்கள். புறப்பட்டுப் பத்து, பதினைந்து நிமிடங்களில் 85-ஐத் தாண்டி, பிறகு 95-க்குள் நிலையாக நின்றால் தெர்மோஸ்டாட் நலம். கேஜேஇயில் சீராகப் போகும்போது 70-க்குக் கீழே வழுக்கினால் மாற்றிவிடுங்கள். பி0128 என்ற பிழைக்குறி பதிவாகியிருந்தால், கூலண்ட் உரிய வெப்பத்தை எட்டவில்லை என்று காரே சொல்லிவிட்டது. வேறு சாட்சி வேண்டியதில்லை. புதிய தெர்மோஸ்டாட் அதே வெப்பநிலைக்கு உரியதாக இருக்கட்டும். சீக்கிரமே திறக்கும் வகை நம் ஊருக்கு நல்லது என்று சொல்லி விற்கப்படுவதை வாங்காதீர்கள். மாற்றும்போது, உற்பத்தியாளர் சொல்லும் கூலண்டையே ஊற்றச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் நீர் உறையாதே, குழாய்த் தண்ணீர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு, போதாது. கூலண்டில் இருக்கும் துருத்தடுப்பிதான் அலுமினிய எஞ்சினையும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் காக்கிறது.

கடற்பாலத்தில் ஏர்கான் சூடான காற்றை விடுவது தனிக் கோளாறு. வாயு குறைந்திருந்தால் விரைவுச்சாலையிலும் குளிர்ச்சி குறைந்திருக்கும். ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து, நிற்கும்போது மட்டும் கைவிடுகிறது என்றால், கண்டென்சருக்குக் காற்று போதவில்லை என்பதே முதல் சந்தேகம். நிற்கும் காரில் அந்தக் காற்றை ஃபேன் மட்டுமே இழுக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு ஏர்கானையும் போட்டுவிட்டு, ஒரு ஏ4 தாளைக் கிரில்லின் முன் பிடித்துப் பாருங்கள். ஃபேன் ஒழுங்காக இழுத்தால் தாள் கிரில்லோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். சோர்ந்து விழுந்தால் ஃபேன் மோட்டாரையோ, குறைந்த வேகத்திற்கான ரெசிஸ்டரையோ சோதிக்க வேண்டும். அந்த ரெசிஸ்டர் பழுதானால் ஃபேன் மெதுவாக ஓடும் நிலை போய்விடும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மட்டும் முழு வேகத்தில் இரைந்து ஓடும், அதுவரை கண்டென்சர் வெந்துகொண்டிருக்கும்.

ஃபேன் நன்றாக இருந்தால் அடைப்பைப் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத்தான் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். பின்பக்கத்திலிருந்து ஒரு கைவிளக்கை அடித்து, ஒளி மெல்லிய தகடுகளுக்கு இடையே சீராக வருகிறதா என்று பாருங்கள். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இருக்கும் ஒரு விரல் அகல இடைவெளியில்தான், பல ஆண்டுகளாக உள்ளே போன தூசியும் பூச்சிகளும் தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகளும் மழை ஈரத்தில் படிந்து, கம்பளிபோல் ஒரு படலமாகிவிடுகின்றன. கட்டுமான வேலைகள் நடக்கும் தெங்கா பக்கமாக நாள்தோறும் போய்வரும் கார் என்பதால், உங்களுடையதில் சிமெண்டுத் தூசியும் சேர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். பட்டறையில் ரேடியேட்டரின் மேல் பிடிப்புகளைத் தளர்த்தி, இரண்டையும் சற்று விலக்கி, பின்னாலிருந்து முன்னால் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். உயர் அழுத்தக் குழாயை அருகில் வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிப் படுத்துவிடும். அழுக்கை எடுக்கப் போய் வழியையே மூடிவிட்டதாக ஆகும்.

அப்போதே காரின் அடிப்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினுக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா? பல மாடி கார் நிறுத்துமிடத்தின் சரிவில் உரசியோ நடைபாதை விளிம்பில் இடித்தோ உடைந்துபோன அந்த மூடியை, இது எதற்கு என்று எடுத்துப் போட்டுவிடும் பட்டறைகள் குறைவில்லை. அது வெறும் சேறு தடுப்பான் அல்ல. ரேடியேட்டரைக் கடந்த காற்று சீராகக் கீழே வெளியேறுவதற்கும், சாலைக்கும் காருக்கும் இடையே ஓடும் காற்று எஞ்சின் அறையில் முட்டிச் சுழலாமல் இருப்பதற்கும் அது தேவை. ரேடியேட்டரின் ஓரங்களில் ஒட்டியிருக்கும் ரப்பர், ஸ்பாஞ்சுப் பட்டைகளும் அப்படித்தான். அவை உதிர்ந்துவிட்டால், நெரிசலில் நிற்கும்போது ரேடியேட்டரைக் கடந்து சூடான காற்றே பக்கவாட்டில் சுற்றிவந்து மறுபடியும் கண்டென்சருக்குள் நுழையும். காற்றோட்டத்திற்கென்று ஏதாவது செலவு செய்ய வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருந்தால், அதை இங்கே செய்யுங்கள்.

குளிர்காற்றுக் குழாயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது என்பதும், அதனால் முழு வேகத்தில் எஞ்சினின் திறன் கூடும் என்பதும் சரி. ஆனால் 80 கிலோமீட்டரில் சீராகப் போகும் பெட்ரோல் எஞ்சினில், நுழையும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பெரும்பகுதி மூடியே இருக்கிறது. எஞ்சின் அந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கவே சக்தியைச் செலவிடுகிறது. காற்று அடர்த்தியானால், அதே வேகத்திற்கு த்ராட்டிலை இன்னும் சற்று மூட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். உள்ளே வரும் காற்றின் எடைக்கு ஏற்பத்தான் கணினி பெட்ரோலை அளக்கிறது என்பதால் சிக்கனம் எதுவும் கிடைக்காது. எஞ்சின் அறையின் கொதிக்கும் காற்றை இழுத்தால், பெட்ரோல் கலவை தானாகவே வெடித்தெரியும் நாக்கிங் வந்து, கணினி தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி, பெட்ரோல் வீணாவது உண்மை. ஆனால் கார் தயாரித்தவர்கள் கொடுத்த மூலக் குழாய், கிரில்லுக்குப் பக்கத்திலிருந்து வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. அது கழன்று தொங்காமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படியும் வாங்கிப் பொருத்தத்தான் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பாருங்கள்; அனுமதி தேவைப்படாத மாற்றங்கள், தேவைப்படுபவை, அறவே கூடாதவை என்று அவர்கள் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டிய வயதில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: மலேசியா போகும்போது கூரையில் பெட்டி வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் 110 கிலோமீட்டர் வேகத்தில், பெரிய கூரைப் பெட்டி ஒன்று சிக்கனத்தைப் பத்து முதல் 25 விழுக்காடு வரைகூடக் குறைக்கலாம். திரும்பி வந்ததும் பெட்டியோடு கம்பிகளையும் கழற்றிவிடுங்கள். காற்றுத் தடையைக் குறைக்க அட்டையைவிட இது நல்ல வழி, காசும் இல்லை.

பழைய கணக்குக்குத் திரும்பினால், உங்கள் இழப்பு மாதத்திற்கு ஏறத்தாழ 20 லிட்டர். 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு 2021 முதல் லிட்டருக்கு 66 காசு வரி இருப்பதால், வரியாக மட்டுமே 13 வெள்ளியைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் தெர்மோஸ்டாட், பிறகு கண்டென்சரும் ஃபேனும், அதன்பின் அடிமூடி என்ற வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே நிலையத்தில், அதே பம்பில், தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டு காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கடற்பாலத்தில் நீண்ட நேரம் நின்ற வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஏனென்றால் ஏர்கானோடு நின்றபடி ஓடும் எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக் குடித்துவிட்டு ஒரு கிலோமீட்டரும் காட்டாது. இவ்வளவும் செய்த பிறகும் 12-க்கு மேல் ஏறவில்லையென்றால், காற்றையும் குளிர்விப்பையும் விட்டுவிட்டு, பிரேக் ஒட்டிப் பிடிக்கிறதா, ஆக்சிஜன் சென்சார் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.